கரடிப் பித்தமும் உர்சோ மாத்திரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வார வாசகர் பகுதியில் பகோவிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தம் தாயாரின் பித்தப்பையில் 24 மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் இருப்பதாக ஸ்கேனில் தெரியவந்ததையும், அறுவை சிகிச்சைக்கு அஞ்சி வீட்டார் தயங்கி நிற்கும் வேளையில் ஒருவர் கரடிப் பித்தம் வாங்கித் தருவதாகச் சொல்வதையும், இன்னொருவர் ‘அதே சத்து உர்சோ மாத்திரையில் இருக்கிறது, அதைக் கொடுத்தால் போதும்’ என்று சொல்வதையும் எழுதி, இரண்டில் எது நல்லது என்று அவர் கேட்டிருந்தார். யாங்கூனில் ஒரு மருந்துக்கடையில் 26 ஆண்டுகளாக நிற்பவன் நான். மருத்துவன் அல்லன், ஆனால் இந்த மாத்திரையை நாள்தோறும் கையால் எடுத்துக் கொடுப்பவன், இதை உண்டு உயிரோடிருக்கும் ஒருவருடன் பிறந்தவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

அம்மையாரின் கேள்விக்கு நேரான விடை இதுதான்: அந்த அளவுள்ள கல்லைக் கரடிப் பித்தமும் கரைக்காது, உர்சோவும் கரைக்காது. 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் இந்த மருந்தால் கரைவது மிக அரிது என்று மருந்தின் விவரத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருந்தால் பணமும் காலமும்தான் கரையும். அவருடைய தாயாருக்கு வலி இருக்கிறதா, காய்ச்சல் வந்ததா, கண் மஞ்சளித்ததா என்பதை அவர் எழுதவில்லை. அவற்றைப் பொறுத்துத்தான் அறுவை வேண்டுமா, பொறுத்திருக்கலாமா என்று அறுவை மருத்துவர் முடிவு செய்வார். வலியே தராமல் கிடக்கும் கல்லை அப்படியே விட்டுவைப்பதும் வழக்கம்தான்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அந்த அம்மையாருடையது மட்டுமன்று. பித்தப்பை என்றாலும் கல்லீரல் என்றாலும் உடனே உர்சோ என்றொரு பேச்சும், அதற்கும் மேலே கரடிப் பித்தம் என்றொரு பேச்சும் நம் மக்களிடையே இந்த நாட்டில் ஊறிக் கிடக்கின்றன. இந்த மருந்து எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தமிழில் ஒருமுறையேனும் விளங்க எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

நமக்கு முதலில் இடறுவது சொல். பித்தம் என்று நாம் சொல்லும்போது தலைசுற்றலும் குமட்டலும் வாய்க்கசப்பும் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வாதம், பித்தம், கபம் என்று சித்த மருத்துவம் சொல்லும் பித்தம் வேறு. கல்லீரலில் ஊறிப் பித்தப்பையில் தேங்கிச் சிறுகுடலுக்கு வழியும் பித்தநீர் வேறு. ‘எனக்குப் பித்தம் கூடிவிட்டது, உர்சோ கொடுங்கள்’ என்று கேட்டு என் கடைப்படி ஏறியவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அவர்களில் பலருக்கு இருந்தது வெறும் வயிற்றுப் புண்ணோ பசியோதான்.

கல்லீரல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் பித்தநீரைச் சுரக்கிறது. நாம் உண்ணும் எண்ணெயையும் கொழுப்பையும் நீரோடு கலக்கச் செய்வது அதிலுள்ள பித்த அமிலங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தைச் சவுக்காரம் எப்படிக் கழுவுகிறதோ அதே வேலைதான். கல்லீரல் இந்த அமிலங்களைக் கொலஸ்டிராலிலிருந்தே செய்கிறது. வேலை முடிந்ததும் அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடியும் கல்லீரலுக்கே வந்து சேர்கிறது. சவுக்காரத்தில் கையை எரிக்கும் காரமானதும் உண்டு, மென்மையானதும் உண்டு அல்லவா? பித்த அமிலங்களும் அப்படித்தான். உர்சோ மாத்திரையில் இருக்கும் உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் அவற்றில் மிக மென்மையானது. நம் உடலில் இது மொத்தப் பித்த அமிலத்தில் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டுவதில்லை. மாத்திரையாகத் தொடர்ந்து உண்ணும்போது பாதியை நெருங்குமளவுக்கு உயர்ந்து, காரமான மற்ற அமிலங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பித்தநீரின் ஓட்டத்தையும் கூட்டுகிறது. மருந்தின் பயன் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

கரடியின் பித்தத்தில் இந்த அமிலம் மிகுதி. பெயரிலேயே கரடி இருக்கிறது. லத்தீன் மொழியில் ‘உர்சஸ்’ என்றால் கரடி. சீனத்தில் 659ஆம் ஆண்டு டாங் அரசமரபின் காலத்தில் தொகுக்கப்பட்ட மருந்து நூலிலேயே கரடிப் பித்தம் இடம்பெற்றுவிட்டது. 1902இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஹம்மார்ஸ்டன் பனிக்கரடியின் பித்தத்தில் இதன் சுவட்டைக் கண்டார். 1927இல் ஜப்பானின் ஒகயாமாவில் ஷோடா கருங்கரடியின் பித்தத்திலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். 1950களின் நடுவில் இதை ஆய்வகத்தில் செய்யும் வழி தெரிந்தது. 1957இல் ஜப்பானில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆகவே, கரடியைக் கொல்லாமல் இந்த அமிலத்தைப் பெறும் வழி மனிதனுக்கு வாய்த்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. கரடிப் பித்தத்தில் ஏதோ இருக்கிறது என்று கண்ட பழைய மருத்துவர்கள் தவறாகக் காணவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் கண்டதை எடைபோட்டு, தூய்மையாக்கி, சிறு மாத்திரையாக நம் கையில் தந்துவிட்ட பிறகும் நாம் காட்டுக்குத் திரும்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்கா மௌல்மீனில் இருக்கிறார். ஏழு ஆண்டுகளுக்கு முன், அவருக்கு 47 வயதாக இருந்தபோது, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு தொடங்கியது. ‘தம்பி, பகலெல்லாம் ஒன்றுமில்லை, ராத்திரி படுத்தால் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது, தூக்கமே இல்லை’ என்று தொலைபேசியில் சொன்னார். தோலில் தடிப்போ கொப்புளமோ கிடையாது; சொறிந்த கீறல்கள் மட்டும்தான். நான் களிம்பு அனுப்பினேன். அது தீர்ந்ததும் வேறொரு களிம்பு அனுப்பினேன். சொறி, சிரங்காக இருக்கலாமென்று வீட்டிலிருந்த ஐந்து பேரும் கழுத்துக்குக் கீழே மருந்து பூசிக் குளித்தார்கள். அரிப்பு அடங்க வேண்டுமென்று அக்கா தனாக்காக் கட்டையைக் கெட்டியாக அரைத்துக் கைகால் முழுவதும் அப்பிக்கொண்டு படுத்தார். பத்து மாதங்கள் இப்படிப் போயின. அந்தப் பத்து மாதமும் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்த நான், தடிப்பில்லாத அரிப்பு கல்லீரலிலிருந்தும் வரலாம் என்பதை ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை. இன்றும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

பிறகு கண்ணின் வெண்மை மங்கியது. அங்கே பார்த்த ஒருவர் காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லி கொடுத்தார். அதிலும் மாறாதபோது, மலைக்கோயில் யாத்திரை போய் வந்த உறவினர் ஒருவர் வழிக்கடை ஒன்றில் கரடிப் பித்தம் வாங்கி வந்தார். பர்மியர்கள் வுன் தெச்சே என்று சொல்வது அதைத்தான். நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்த அத்திப்பழம்போல் கறுத்துச் சுருங்கியிருந்தது. அதை விற்றவர் ஒரு சோதனையும் செய்து காட்டினாராம்: கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, கடுகளவு சுரண்டி மேலே போட்டதும் அது சுழன்றுகொண்டே மஞ்சள் நூலாக அடிவரைக்கும் இறங்கியதாம். அதைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் ஐயம் எழவில்லை. காதில் கிடந்த தோடுகளை விற்று அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். நாற்பது நாள் காலையில் வெந்நீரில் அரிசியளவு கரைத்துக் குடித்தார் அக்கா. அதன் கசப்பு மத்தியானம்வரை நாக்கைவிட்டுப் போகாது என்று இப்போதும் சொல்வார்.

யாங்கூனுக்கு அழைத்து வந்தபோது பதினான்கு மாதங்கள் ஓடிவிட்டன. மருத்துவர் முதலில் ஸ்கேன் எடுத்துப் பித்தக்குழாயில் அடைப்பில்லை என்று உறுதி செய்தார். பித்த ஓட்டம் தடைப்பட்டால் இரத்தத்தில் ஏறும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி 486 இருந்தது. 120ஐத் தாண்டக்கூடாது என்று தாளில் அச்சிட்டிருந்தது. பிறகு மைட்டோகாண்ட்ரியா எதிர்ப்புப் பொருள் (உடல் தன் உயிரணுக்களின் ஒரு பகுதிக்கு எதிராகத் தானே உண்டாக்குவது) இருக்கிறதா என்றறியும் இரத்தச் சோதனை எழுதிக் கொடுத்தார். அது இருப்பதாக விடை வந்தது. இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அந்தச் சோதனையில் தெரிந்துவிடுமாம். நோயின் பெயர் முதன்மைப் பித்தக்குழாய் அழற்சி. உடலின் காவற்படையே கல்லீரலுக்குள் இருக்கும் மெல்லிய பித்தக்குழாய்களைப் பகையென்று எண்ணிச் சிறுகச் சிறுக அழிப்பது. நாற்பது வயதைக் கடந்த பெண்களைத்தான் பெரிதும் தாக்குவது. முன்னர் இதன் பெயரில் கல்லீரல் சுருக்கம் என்ற பொருளுடைய சொல் இருந்தது. தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்படும் பலருக்குச் சுருக்கமே வருவதில்லை என்பதாலும், அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘நீ குடித்தாயா?’ என்று உலகம் கேட்பதாலும், 2015 வாக்கில் மருத்துவ உலகம் அந்தப் பெயரை மாற்றியது. சாராயத்தை மோந்தும் பார்த்திராத என் அக்காவுக்கு அந்தப் பெயர்மாற்றம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும்.

இந்த நோய்க்குத்தான் உர்சோ தலையாய மருந்து. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 13 முதல் 15 மில்லிகிராம், வாழ்நாள் முழுவதும். அக்காவின் எடை 52 கிலோ. 250 மில்லிகிராம் மாத்திரை மூன்று. ஆறு மாதத்தில் அந்த 486 என்ற எண் 210க்கு இறங்கியது. ஆனால் அரிப்பு இறங்கவில்லை. இந்த மாத்திரை கல்லீரலைக் காக்கும், ஆனால் அரிப்பையும் நிறுத்தும் என்று சொல்ல முடியாது என்பதை அப்போதுதான் அறிந்தோம். அரிப்புக்குக் கொலஸ்டிரமின் என்ற தூளை எழுதிக் கொடுத்தார்கள்; இரண்டையும் காலையில் ஒன்றாகக் குடிக்கச் சொன்னார்கள். அந்தத் தூள் குடலில் பித்த அமிலங்களைப் பற்றிப் பிடித்து வெளியேற்றுவது; உர்சோவும் பித்த அமிலம்தான். ஒன்றாகக் குடித்தால் மருந்தை மருந்தே விழுங்கிவிடும். இரண்டு மாதம் எண்கள் மறுபடி ஏறிய பிறகே அதைக் கண்டுபிடித்தோம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம் கலந்த பால்மருந்துக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. இதை எவரும் சொல்லாமல் விட்டதால் எங்கள் வீட்டில் நேர்ந்தது மற்றவர் வீட்டில் நேர வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அக்கா நலமாக இருக்கிறார். ஆனால் கல்லீரலில் நார் படிந்த அளவு, தொடக்கத்திலேயே வந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட அதிகம் என்று மருத்துவர் சொன்னார். பதினான்கு மாதத்தின் விலை அது.

நாற்பது நாள் கரடிப் பித்தத்திலும் உர்சோ இருந்திருக்குமே, அது ஏன் உதவவில்லை என்று சிலர் கேட்பார்கள். முதற்கண், அது கரடியுடையதுதானா? தண்ணீரில் மஞ்சள் நூல் இறங்குவதைக் கண்டு எவரும் உறுதி சொல்ல முடியாது. பன்றியின் பித்தப்பையும் மாட்டின் பித்தப்பையும் உலர்த்தப்பட்டுக் கரடியின் பெயரில் விற்கப்படுவது இந்த வணிகத்தில் சாதாரணம். அவற்றில் இந்த அமிலம் இருப்பதில்லை என்றே சொல்லலாம். உண்மையான கரடிப் பித்தமே ஆனாலும் எத்தனை பங்கு என்பது கரடிக்குக் கரடி மாறும். அரிசியளவு என்பது எத்தனை மில்லிகிராம்? அதில் அமிலம் எவ்வளவு? அழுகல் எவ்வளவு? நாளொன்றுக்கு 750 மில்லிகிராம் வேண்டிய உடம்புக்கு அது எம்மூலைக்கு? பித்தம் என்றாலே மருந்து என்று எண்ணி ரோகு போன்ற ஆற்றுமீன்களின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். மீன் கடையில் ‘சர்க்கரை நோய்க்கு நல்லது’ என்று அதைத் தனியே எடுத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கரடிகளைப் பற்றியும் ஒரு சொல். இந்த மண்ணின் காடுகளில் வாழ்பவை கருங்கரடியும் சூரியக்கரடியும். இரண்டின் உறுப்புகளையும் நாடுவிட்டு நாடு விற்பதை அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை தன் முதற்பட்டியலில் வைத்துத் தடுத்திருக்கிறது. மியான்மார் அதில் 1997இல் சேர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் சீன எல்லையோரத்து மோங்லா சந்தையில் கரடியின் பித்தப்பையும் பாதமும் பல்லும் விற்கப்படுவதை வனவிலங்கு வணிகத்தை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். பண்ணைகளில் உயிரோடு கூண்டில் அடைத்து, வயிற்றில் துளையிட்டு, ஆண்டுக்கணக்கில் பித்தத்தை வடித்தெடுக்கும் வழக்கமும் அண்டை நாடுகளில் இருக்கிறது. அக்கா விற்ற தோட்டுக்கு எந்தக் காட்டில் எந்த உயிர் ஈடாயிற்றோ! வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடியவரின் பாடலை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். பயனில்லாத ஒன்றுக்காக அந்த உயிரை வதைக்க நாமும் ஒரு காசு கொடுத்தோம் என்பது எங்கள் குடும்பத்துக்குப் பெருந்துயரம்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மாத்திரையும் உயிரினத்திலிருந்து வருவதுதான். இன்று உலகில் விற்கும் உர்சோவில் பெரும்பகுதி, இறைச்சிக்கூடங்களில் கிடைக்கும் மாட்டின் பித்தத்திலிருந்து கோலிக் அமிலத்தைப் பிரித்து, அதை வேதியியல் முறையில் மாற்றிச் செய்யப்படுவது; கோழியின் பித்தத்திலிருந்து தொடங்குவதும் உண்டு. உறை வடிவில் வருவனவற்றில் ஜெலட்டினும் சேரும். சைவ உணவினரும் மாட்டிறைச்சி தொடாதவரும் இதைக் கேட்டால் நான் மழுப்புவதில்லை. அக்கா தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்த ஓர் ஆண்டு, இது தெரிந்ததும் பத்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். கோயில் பூசாரி ஐயா அதைக் கேள்விப்பட்டு, ‘அம்மா, உன் அம்மா உனக்குக் கோரோசனை உரசி நாக்கில் வைத்தாளே, அது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டார். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் விளையும் கல் என்பது அக்காவுக்கு அன்றுதான் தெரியும். மறுநாள் காலையிலிருந்து மாத்திரையைத் தொடர்ந்தார். அந்தப் பூசாரிக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சிப்படி முடிவு செய்யட்டும். ஆனால் தெரிந்து முடிவு செய்யட்டும், இடையில் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லட்டும்.

பித்தக்கல்லுக்கு வருகிறேன். கல்லில் மூன்று வகை உண்டு. கொலஸ்டிரால் கல், கறுப்பு நிறமிக் கல், பழுப்பு நிறமிக் கல். உர்சோ கரைப்பது முதல் வகையை மட்டும்; அதிலும் சுண்ணாம்பு படியாததை; அதிலும் சிறியதை; அதுவும் பித்தப்பை ஒழுங்காகச் சுருங்கி விரியும்போது. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்கள் ஐந்தில் நான்கு பேருக்கு முற்றிலும் கரைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். 20 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சுண்ணாம்பில்லாத கற்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு ஆண்டு உண்டும் பத்தில் மூன்று பேருக்குத்தான் கரைந்தது. கரைந்தாலும், ஐந்து ஆண்டுக்குள் பாதிப்பேர்வரைக்கும் மறுபடி கல் வருகிறது. கறுப்புக் கல் இரத்த அணுக்கள் ஓயாமல் அழிவதால் வருவது. அப்படி அணுக்கள் அழியும் பரம்பரை இரத்த நோயான தலசீமியா பரவலாக இருக்கும் இந்த நாட்டில் அது நம் கவனத்துக்கு உரியது. பழுப்புக் கல் பித்தக்குழாயில் கிருமித் தொற்றாலும் புழுக்களாலும் விளைவது. ஆசியாவின் இப்பகுதியில் மற்ற இடங்களைவிட மிகுதியாகக் காணப்படுவது. இந்த இரண்டும் உர்சோவுக்கு அசையவே அசையா. ஆகவே ‘கல் இருக்கிறது’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மாத்திரை கேட்பவர்களிடம் நான் கல்லின் அளவையும், எக்ஸ்ரேயில் தெரிகிறதா என்பதையும் கேட்கிறேன். தெரிந்தால் அது சுண்ணாம்பு படிந்த கல். மாத்திரைக்குச் செலவிட வேண்டியதில்லை. உண்பவர்கள் முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். ஓராண்டில் கல் சற்றும் சிறுக்கவில்லையென்றால் அதற்குமேல் நம்பிக்கை வைப்பதில் பொருளில்லை. விரைவாக உடல் இளைப்பவர்களுக்கும், இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் புதுக்கல் தோன்றாமல் தடுக்க இதைக் கொடுப்பதுண்டு. அது நல்ல பயன்.

கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் தாளில் எழுதியிருப்பதைக் கண்டதும் உர்சோ வாங்க வருகிறவர்கள்தான் இன்று என் கடையில் மிகுதி. அதற்கு இந்த மாத்திரை உதவுகிறதா என்று ஈராண்டு கொடுத்துச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் மாவு மாத்திரை உண்டவர்களைவிட உர்சோ உண்டவர்கள் சிறப்பாகத் தேறவில்லை. சோற்றின் அளவும் எண்ணெயின் அளவும் நடையும் மாறாமல் இந்த மாத்திரையால் கொழுப்பு போகாது.

இதைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. நாள்பட்ட கல்லீரல் அழற்சி உள்ளவர்கள் உர்சோ உண்டால், கல்லீரல் புண்படும்போது இரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. போன்ற எண்கள் இறங்குவதுண்டு. கிருமி இறங்குவதில்லை. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பரவியிருக்கும் நாடு இது. எண் இறங்கியதும் நோய் தீர்ந்துவிட்டதென்று மகிழ்ந்து, உண்மையான கிருமிக்கொல்லி மருந்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, வயிறு வீங்கிய பிறகு வந்த இருவரை எனக்குத் தெரியும். ஹெபடைடிஸ் சி இன்று சில மாத மாத்திரையில் முற்றிலும் குணமாகக் கூடியது. அதைச் சோதிக்காமல் உர்சோவை மட்டும் உண்பது, வீட்டில் புகை வருகிறதென்று புகைபோக்கியைத் துடைப்பதற்குச் சமம்.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாத்திரையின் விலை கூலிக்காரர்களுக்குச் சுமைதான். அட்டையிலிருந்து நான்கு, ஐந்து என்று கத்தரித்து வாங்கிப் போகிறார்கள். மூன்று உண்ண வேண்டியவர் ஒன்று உண்டு ‘அதுவும் மருந்துதானே’ என்று ஆறுதல் கொள்கிறார். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு ஐந்துதான்; வேண்டியதில் பாதிகூட இல்லை. மறுபுறம், கூடுதலாக உண்டால் கூடுதல் நன்மை என்றும் எண்ண வேண்டாம். பித்தக்குழாய்கள் தழும்பேறிக் குறுகும் இன்னொரு நோய் உண்டு. அதற்குக் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. மருந்து உண்டவர்களுக்கே தீமை மிகுந்திருந்தது. இந்த மாத்திரை பொதுவாகச் சாதுவானது, சிலருக்கு வயிறு இளகும், அவ்வளவுதான் என்று நாம் அறிந்திருப்பது சரியான அளவில் மட்டுமே உண்மை.

கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மாதங்களில் தடிப்பின்றி உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் அதைச் சூடு என்று தள்ளிவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். பித்த அமிலம் இரத்தத்தில் ஏறுவதால் வரும் அந்த நிலையில், குழந்தைக்கு நேரக்கூடிய தீங்கை உர்சோ குறைத்ததாக 2019இல் இங்கிலாந்தில் முடிந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை. ஆகவே மாத்திரை வாங்கி உண்டுவிட்டு வீட்டில் இருப்பது காப்பாகாது. இரத்தத்தைச் சோதித்து, குழந்தையைக் கவனித்து, பேற்றுக்கு நாள் குறிப்பது மருத்துவமனையின் வேலை.

பகோ அம்மையாருக்கு: உங்கள் தாயாருக்கு வலப்பக்க விலாவின் கீழ் வலி வந்து சில மணி நேரம் நீடித்தாலோ, குளிரோடு காய்ச்சல் கண்டாலோ, கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தாலோ அன்றைய பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவை இல்லையென்றால், அறுவை மருத்துவரிடம் ஸ்கேன் தாளோடு சென்று, பொறுக்கலாமா என்று கேளுங்கள். இப்போது வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுப்பது பெரும்பாலான ஊர்களில் பழகிப்போன அறுவை, பித்தப்பை இல்லாமலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டுதான் இருக்கும் என்று தாயாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய அச்சம் பாதி அங்கேதான் இருக்கும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரடிப் பித்தம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வரும் கடிதங்களை இனி அச்சிடுவதானால், அதன் கீழேயே ஒரு மருத்துவரின் விடையையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் அந்தக் கேள்வி தனியாகவே நின்றது. அதைப் படித்த மூன்று பேர் இந்த வாரத்தில் என் கடைக்கு வந்து, ‘அந்தச் சரக்கு உங்களிடம் இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூவரில் ஒருவருக்கு உள்ளங்கை அரிப்பு. ஐம்பது வயதுப் பெண்மணி. களிம்பு எதுவும் கொடுக்காமல், இரத்தச் சோதனைக்கு எழுதித் தரக்கூடிய மருத்துவரின் இடத்தைத் தாளில் குறித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சோதனைத் தாள் வந்ததும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
மருந்துக்கடை வாசகர் ஒருவர்,
யாங்கூன்.